ஒன்பதாம் வரிசை

பாடாங் செராயில் மோட்டார் சைக்கிள் கடைக்கு மேல்மாடி,
எங்கள் வான்கூடம்.
பதினாலு கணினி, அதில் மூன்றுக்குத் தீராத காய்ச்சல்.
சன்னல் திறந்தால் கித்தா ஆலையின் வாடை வரும்,
ஆகவே வானத்தைத் திறக்கும் முன்
சன்னலைச் சாத்திவிடுகிறோம்.

புதன் இரவு, எட்டு மணி.
வெளியே தகரத்தின் மேல் மழை.
உள்ளே பதினொரு வியாழன்கள்:
வெள்ளைத் தட்டு, பக்கத்தில் நாலு பொட்டு.
புதனன்று வியாழன் உதிப்பது
இங்கே மட்டும்தான் என்றேன்.
லிம் சுவீ யீ மட்டும், தமிழ் புரியாமல்,
மரியாதைக்குச் சிரித்தாள்.

பயிற்சி எளிது.
அயோ என்ற பொட்டின்மேல் அம்புக்குறியை வை,
தொலைவைக் குறி, 'அடுத்து' என்பதை அழுத்து.
பன்னிரண்டு மணி நேரம் போய்விடும்.
ஒன்பது நாள் கண்விழிப்பை
இருபது நிமிடத்தில் முடிக்கலாம்.
பதினெட்டுப் புள்ளி, அவற்றின் ஊடே ஓர் அலை,
அலையின் நீளம்தான் அயோ ஒரு முறை சுற்றும் காலம்.

ஐந்தாவது அழுத்தலில்
தர்வின்ராஜ் மேசையைத் தட்டினான்.
"டீச்சர், இது கெட்டுப்போச்சு."
திரை முழுக்கச் சாம்பல். நடுவில் ஒரு வரி:
மேகமூட்டம். பார்க்க இயலாது.

கெடவில்லை. வேண்டுமென்றே வைத்தது.
பனி பெய்யும் ஏதோ ஊரில்
விடியும்வரை காத்திருந்து வெறுங்கையோடு திரும்பிய ஒருவர்
நிரல் எழுதும்போது
அந்த இரவையும் உள்ளே போட்டுவிட்டார்.

"அடப் போங்க டீச்சர்,
மேகம் பாக்கவா காசு கட்டுனோம்?
அது வெளிய சும்மாவே கெடைக்குதே."

வீட்டில் தாள் திருத்தினேன்.
தர்வினின் அலை அத்தனை அழகு.
பதினெட்டும் கோட்டைவிட்டு இம்மி நகரவில்லை.
சுற்றும் காலம் ஒன்று புள்ளி ஏழு ஏழு நாள்,
புத்தகத்தில் இருப்பதே.
மேகம் அவனைத் தொடவேயில்லை.

கிஷாலினிக்குப் பதினேழே புள்ளி.
ஒன்பதாம் வரிசையில் எண் இல்லை,
சின்ன வட்டம், குறுக்கே ஒரு கோடு.
அந்த இடத்தில் அவள் அலை தடுமாறி
ஒன்று புள்ளி எட்டு இரண்டில் போய் நின்றது.

விடைத்திட்டம் தலைநகரிலிருந்து வந்தது.
வரிசைக்கு அரை மதிப்பெண். காலிக்கு இல்லை.
கழித்தேன்.

அடுத்த புதன் இருவரையும் கேட்டேன்.
"கோடு எங்க போகுதுன்னுதான் தெரியுதே டீச்சர்.
நடுவுல ஒன்னு வச்சேன்," என்றான் அவன்.
பொய்யென்று அதட்ட எனக்கு வாய் வரவில்லை.
அவன் வைத்த இடத்தில்தான் அயோ இருந்திருக்கும்.
ஆனால் அவன் பார்க்கவில்லை.

"அம்மா செக்ரோல்ல அப்படித்தான் போடுவாங்க," என்றாள் அவள்.
அம்மா, இன்னும் கொஞ்சம் கித்தா மிச்சமிருக்கும்
எஸ்டேட்டில் கிராணி.
"வெள்ளன மழை பேஞ்சா மரம் வெட்ட முடியாது.
வெட்டுனதா எழுதிட்டா
ஸ்டோர்ல பாலக் காட்டணும்ல?"
வட்டம் போட்ட நாளுக்கு
யாருக்கும் கூலி கிடையாது என்பதையும்
அரை மதிப்பெண்ணைப் பார்த்தபடி சொன்னாள்.

பிறகு கணினியை மூடப்போனவள் நின்றாள்.
"மேகம் போட்ட ராத்திரி
பின்னாடி அயோ சுத்திக்கிட்டுதான் இருந்துச்சா,
இல்ல அதுக்கும் லீவா?"

மெய்யான வானம் என்றால் உடனே சொல்லியிருப்பேன்.
இந்த வானத்தில்
யாரும் பார்க்காத பொட்டுக்காக
கணினி கணக்குப் போட்டிருக்குமா என்று
எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்றே சொன்னேன்.
ஹஸ்லினா நிமிர்ந்து பார்த்தாள்,
நான் ஏதோ புதிதாகக் கற்பித்ததைப் போல.

அன்றிரவு அரை மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டேன்.
திருத்தத்துக்குக் காரணம் எழுத
விடைத்திட்டத்தில் ஒரு கட்டம் இருந்தது.
எழுதினேன்: மழை.